அடுப்புக்கு வராத கிழங்கு

கோவையில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களின் எண்ணிக்கை கண்கூடாகப் பெருகியிருக்கிறது. 2013ஆம் ஆண்டு தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது சென்னையோடு கோவையையும் சேர்த்துத்தான் தொடங்கியது. தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பைகளும் விதைப் பொட்டலங்களும் அன்று முதல் நடுத்தர வர்க்கத்து மொட்டை மாடிகளில் ஏறின. நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மாடிகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, சில கீரைகள். கிழங்கு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முள்ளங்கியைத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. கிழங்கைப் பொட்டலத்தில் அடைக்க முடியாது. சேனைக்கு விதை சேனைதான். மரவள்ளிக்கு விதை அதன் குச்சி. சர்க்கரைவள்ளிக்கு அதன் கொடி. சேம்புக்கு அதன் பக்கக் கிழங்கு. ஈரமும் எடையும் கொண்டவை, சில வாரங்களில் முளைக்கவோ அழுகவோ செய்பவை. ஆகவே விதைக் கடை அவற்றை விரும்புவதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதே அவற்றின் வழி. கை மாறுவது நின்றால் கிழங்கும் நின்றுவிடும். எங்களில் சிலர் சில ஆண்டுகளாக வீட்டை ஒட்டிய சிறு நிலங்களில் கிழங்குகளை வளர்த்தும் தின்றும் வருகிறோம். அந்த அனுபவத்தின் பேரில் ஒரு கருத்தை முன்வைக்கவே இக்கட்டுரை. கொங்கு நாடு கிழங்கை விளைவிக்கத் தெரிந்த, ஆனால் அதை வீட்டுக்குள் மரியாதையோடு அழைக்கத் தெரியாத நாடு என்பது எங்கள் எண்ணம். இந்நிலை மாறவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

விளைவிக்கத் தெரிந்த நாடு என்று சொல்வதில் மிகையில்லை. சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு என்று மக்கள் அழைக்கும் மரவள்ளி விளையும் பரப்பைப் பேருந்தில் போகிறவர்களே காணலாம். இந்தியாவில் தயாராகும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலம் வட்டாரத்திலிருந்து போகிறது. ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் உருவானது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மஞ்சளும் ஒரு கிழங்குதான் என்று கொண்டால், 2019இல் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளையும் சேர்த்துக் கொங்கு நாட்டைக் கிழங்கு நாடு என்றே சொல்லிவிடலாம்.

ஆனால் இந்த மரவள்ளி எங்கே போகிறது? ஆலைக்குப் போகிறது. அடுப்புக்கு வருவது சொற்பம்.

இதன் வரலாறு சுவையானது. மரவள்ளி தென்னமெரிக்கச் செடி. போர்த்துக்கீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் பயிரைப் பரப்புவதில் அக்கறை காட்டினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் வசம் போக, பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் திண்டாடியது. அப்போது பல ஏழைக் குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளி. அதே போர்தான் தென்கிழக்காசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த சேகோவையும் நிறுத்தியது. அசல் சேகோ ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. அந்த இடத்தை நிரப்ப, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் போன்ற வணிகர்கள் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். ஒரே போர், ஒரே கிழங்கு. மலைக்கு அப்பால் அது சட்டிக்குள் போய்ச் சாப்பாடாயிற்று. இப்பால் ஆலைக்குள் போய்ச் சரக்காயிற்று. கேரளத்தில் இன்று கப்பையும் மீனும் விருந்தாளிக்கு வைக்கும் உணவு. நம்மிடம் குச்சிக்கிழங்கு சாலையோரத் தள்ளுவண்டியில் வறுவலாகக் கிடைப்பது; விருந்தில் இடம் கிடையாது.

நிற்க. கிழங்கின் மீதான இந்த இளக்காரம் கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி, கருணையைத் தவிர்த்து மற்றக் கிழங்குகளை விலக்கச் சொல்கிறது. அது மருத்துவம், அதற்கான காரணம் இருக்கலாம். ஆனால் வீடுகளில் நாம் காணும் விலக்கு மருத்துவத்தால் வந்ததாகத் தெரியவில்லை. கிழங்கு என்றால் பஞ்சம், கிழங்கு என்றால் காடு, கிழங்கு என்றால் இல்லாதவர்கள் என்ற நினைவால் வந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலமான 1942 முதல் 1945 வரை மலாயாத் தோட்டங்களில் மரவள்ளி தின்று உயிர் பிழைத்த தமிழர்களும், இலங்கையில் 1970களின் தட்டுப்பாட்டுக் காலத்தைக் கடந்தவர்களும் அந்தக் கிழங்கைப் பார்க்கும் பார்வையில் ஒரு கசப்பு உண்டு. பிரான்சில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது உருளைக்கிழங்கு பறிபோய்விட, மக்கள் தோபினாம்பூர் என்ற சூரியகாந்திக் குடும்பத்துக் கிழங்கைத் தின்று காலம் கழித்தார்கள். போர் முடிந்தபின் அந்தத் தலைமுறை அதைத் தொட மறுத்தது. பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே அது அங்கே உணவகங்களுக்குத் திரும்பியது. காப்பாற்றிய உணவை வெறுப்பது மனித இயல்பு போலும்.

ஆனால் வேறொரு நினைவும் நமக்கு உண்டு. அது இன்னும் பழையது. புறநானூற்றின் 109ஆம் பாட்டை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. மூவேந்தரும் பாரியின் பறம்பைச் சூழ்ந்து நிற்க, கபிலர் ஏர் பூட்டாமலேயே அம்மலையில் கிடைக்கும் நான்கு உணவுகளைச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். பாட்டின் அழகைப் பேசும்போது அதன் உணவியலை நாம் மறந்துவிடுகிறோம். கபிலர் சொல்வது போர்த்தந்திரம் சார்ந்த ஓர் உண்மை. வயலில் நிற்கும் நெல்லைப் பகைவன் கொளுத்தலாம், குதிரை விட்டு மிதிக்கலாம், களஞ்சியத்தைக் கொள்ளையிடலாம். மண்ணுக்குள் இருக்கும் வள்ளியை என்ன செய்வான்?

மறைந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் சி. ஸ்காட் 2009இல் வெளியிட்ட நூலொன்றில், தென்கிழக்காசிய மலைமக்கள் அரசுகளின் பிடிக்கு வெளியே வாழ்ந்த வரலாற்றை எழுதும்போது இதையே கோட்பாடாக வைக்கிறார். தானியம் ஒரே சமயத்தில் முற்றும், கண்ணுக்குத் தெரியும், அளக்கலாம், வரி போடலாம். கிழங்கு மண்ணுக்குள் மறைந்திருக்கும், வேண்டும்போது தோண்டலாம், வரிகாரன் கணக்கில் வராது. அரசுகள் தானியத்தின் மேல் எழுந்தன. அவற்றிடமிருந்து ஒதுங்கியவர்கள் கிழங்கின் துணையால் வாழ்ந்தார்கள். ஸ்காட்டின் வாதம் எல்லா இடங்களுக்கும் பொருந்துமா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டையிட்டுக்கொள்ளட்டும். கபிலரையும் அவரையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. கிழங்கை ஏழ்மையின் அடையாளமாகக் காண்பது அரண்மனைக்காரன் பார்வை. பறம்பின் பார்வையில் அது சுதந்திரத்தின் உணவு. சேலத்து மரவள்ளி இக்கதையின் முரண் பக்கம்: யாருக்கும் கணக்குச் சொல்லாத கிழங்கை ஆலையின் எடைமேடையில் ஏற்றி, விலைக்கும் மாவுச்சத்து அளவுக்கும் கட்டுப்பட்ட பயிராக மாற்றிவிட்டோம்.

ஆலைக்காக ஒரே பயிரைப் பரப்புவதன் ஆபத்தையும் கண்டுவிட்டோம். 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கோவையில் கண்டறியப்பட்டது; பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் அது பிடித்தது. 2020இல் மரவள்ளிக்கே உரிய வேறொரு மாவுப்பூச்சி திருச்சூரில் தென்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் காடுகளுக்கும் பரவியது. அதன் இயற்கைப் பகையான ஒரு சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தார்கள். குளவி நம்மைக் காப்பாற்றலாம். ஆனால் ஒரே கிழங்கில் எல்லாவற்றையும் கட்டி வைக்கக் கூடாது என்ற பாடத்தைக் குளவி கற்பிக்காது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் பார்ப்போம். வாளையாறைத் தாண்டினால் தனுமாதத் திருவாதிரைக்கு எட்டங்காடி என்று கிழங்குகளைச் சுட்டுப் படைக்கும் வழக்கம் உண்டு: காய்ச்சில், கூர்க்கை, சேனை, சேம்பு என்று ஒரு கிழங்குச் சபையே கூடும். இப்பக்கம் அதே திருவாதிரைக்குக் களியும், பல காய்களும் கிழங்குகளும் சேர்ந்த குழம்பும் சில வீடுகளில் உண்டு. ஒரே நட்சத்திரம், ஒரே பருவம். கிழங்குகள் முதிர்ந்து தோண்டப்படும் பருவம். திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் என்றால் சிறுகிழங்கு இல்லாமல் முடியாது. யாழ்ப்பாணத்தார் பனங்கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கி, இடித்துக் கூழ் காய்ச்சி, அந்தக் கூழைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள். பனைக்குக் கொங்கு நாட்டிலும் பஞ்சமில்லை. நாம் பனங்கிழங்கை வேகவைத்து நாரை உரித்து, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் தின்று முடித்துவிடுகிறோம்.

சரி, எதை வளர்ப்பது? எங்கள் அனுபவத்தில் கோவை மண்ணுக்கும் சிறு இடத்துக்கும் ஒத்து வந்தவற்றைச் சொல்கிறோம்.

முதலில் சேனை. மாசி முதல் வைகாசிக்குள் நடலாம். முழுக்கிழங்கை வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையைச் சுற்றிய வளையத்தின் ஒரு பகுதி இருக்குமாறு பார்த்து, சாணிப்பாலில் தோய்த்து நிழலில் உலர்த்தி நடவேண்டும். முழங்கை ஆழக் குழி, நிறைய மட்கிய எரு. குடை போல் எழுவதைத் தண்டு என்கிறோம். உண்மையில் அது ஒற்றை இலைதான். எட்டு ஒன்பது மாதத்தில் அது மஞ்சளாகிச் சாயும்போது தோண்டலாம். தோண்டிய உடன் சமைப்பதைவிடச் சில வாரங்கள் காற்றாட வைத்துச் சமைத்தால் காறல் குறையும். காறலுக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்ற நுண்ணிய ஊசிப் படிகங்கள். கருணைக்கும் சேம்புக்கும் புளி சேர்ப்பதைப் பாட்டிமார் வேதியியல் படிக்காமலே கண்டுபிடித்தார்கள். அரிசிம்பருப்புச் சோற்றுக்குச் சேனை வறுவலைவிடப் பொருத்தமான துணை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது பெருவள்ளி, தெற்கே காய்ச்சில் என்பார்கள், நம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வெற்றிலைவள்ளி என்றும் சொல்கிறார்கள். வெற்றிலை போன்ற இலை, வேலியிலோ மரத்திலோ ஏறும் கொடி. மாசி பங்குனியில் தோண்டாமல் விட்ட துண்டு கோடை மழையின் முதல் தூறலுக்குத் தானே முளைக்கும். சில வகைகளின் சதை ஊதா நிறம். மார்கழி தையில் கொடி காய்ந்தபின் தோண்ட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைவாழ் மக்கள் காட்டுவள்ளியைத் தோண்டும்போது கொடியோடு சேர்ந்த தலைப் பகுதியை மீண்டும் மண்ணில் புதைத்து வருவது வழக்கம். வங்கிக் கணக்கில் அசலைத் தொடாதிருப்பது போன்ற ஒழுக்கம் இது. வீட்டுத் தோட்டக்காரர் முதலில் கற்க வேண்டியதும் இதுதான்.

சிறுகிழங்கு துளசிக் குடும்பத்துச் செடி. மாடியில் அகலமான பையிலும் வளரும். ஆடி ஆவணியில் நுனித் தண்டுகளைக் கிள்ளி நட்டால் தையில் எடுக்கலாம். தோல் நீக்குவதுதான் பாடு. சாக்கில் போட்டு உரசினால் போகும். சர்க்கரைவள்ளி நான்கு மாதப் பயிர். கொடி நுனிகளைக் கீரையாகவும் சமைக்கலாம். அதன் ஆரஞ்சு நிறச் சதையுள்ள வகைகளில் வைட்டமின் ஏ ஆகும் சத்து மிகுதி. ஆப்பிரிக்காவில் அவற்றைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. தென்னை நிழலில் வேறெதுவும் வராத இடத்தில் கூவை வரும். அதன் கிழங்கை அரைத்து நீரில் கரைத்துத் தெளியவைத்தால் அடியில் படியும் வெண்மாவு குழந்தைக்கும் நோயாளிக்கும் ஏற்ற கஞ்சி. பாத்திரம் கழுவிய நீர் ஓடும் இடத்தில் சேம்பு.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். கொங்குத் தமிழில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள நிலம். மானாவாரி நிலம் காடு. வீட்டுக்குப் பின்னால் வாழையும் கறிவேப்பிலையும் சேம்பும் நின்ற இடத்துக்குப் பெயர் பொடக்காலி. அடுக்குமாடிக் கட்டடங்களில் பொடக்காலி இல்லை. ஆகவே அந்தச் சொல்லும் இளையவர் பேச்சில் இல்லை. கிழங்கு பொடக்காலியின் பயிர். கணக்கில் எழுதாத, சந்தைக்குப் போகாத, பெண்களின் பார்வையில் இருந்த சிறு பயிர். அந்த இடம் போனபோது அதுவும் போயிற்று.

மறுப்புகளையும் பார்த்துவிடுவோம். முதல் மறுப்பு தண்ணீர். கோவையின் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கிறது; வள்ளியும் சேனையும் இதைவிட நல்ல மழை கேட்பவை. உண்மைதான். மூடாக்கு போட்டு, சமையலறை நீரைத் திருப்பிவிட்டால் ஒரு வீட்டின் தேவைக்கு விளைந்துவிடும். ஏக்கர் கணக்கில் போடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டாவது, பெருச்சாளியும் காட்டுப்பன்றியும். தடாகம், தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குப் பன்றியிடமிருந்து கிழங்கைக் காப்பது பெரும்பாடு. அவர்களிடம் வாதாட எங்களிடம் விடையில்லை. மூன்றாவது, சர்க்கரை நோய். கிழங்கு மாவுப்பொருள்தான்; சோற்றின் மேல் கூடுதலாக அன்றி, சோற்றுக்குப் பதிலாக உண்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காவது மறுப்பு நஞ்சு. இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். மரவள்ளியில் சயனைடாக மாறும் பொருள் உண்டு. பச்சையாகத் தின்னக் கூடாது. தோலை முழுதும் உரித்து, துண்டாக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். ஆலைக்கென்று வளர்க்கும் கசப்பு வகையை வாங்கி வந்து சமைக்கக் கூடாது. கண்வலிக்கிழங்கை இதனினும் அஞ்ச வேண்டும். மூலனூர், தாராபுரம் பக்கம் மருந்து விதைக்காகப் பயிராகும் இது நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு. பார்வைக்கு வள்ளி போலவே இருக்கும். தின்றால் உயிரை எடுக்கும். இலங்கையில் வற்றாளங்கிழங்கு என்று தவறாக எண்ணி உண்டவர்கள் இறந்ததுண்டு. ஆகவே பெயரும் பிறப்பும் தெரியாத கிழங்கை, யார் எவ்வளவு புகழ்ந்து கொடுத்தாலும், உண்ணாதீர்கள். அறிவு கூட வராத கிழங்கு உணவாகாது. கை மாறும்போது கிழங்கோடு அதைச் சமைக்கும் முறையும் சேர்ந்து கைமாற வேண்டும்.

இன்று அரிய கிழங்கு என்று பெயர் சூட்டி, ஊதா நிறப் படம் போட்டு, ஒரு துண்டை நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் வழக்கமும் தொடங்கியிருக்கிறது. ஆலையிடமிருந்து மீட்ட கிழங்கை அபூர்வப் பொருள் வணிகத்திடம் ஒப்படைப்பது எங்கள் நோக்கமன்று. விற்பவர் எதற்கும் சத்து மிகுந்த பெயரொன்று வைக்கட்டும். கிழங்கின் இயல்பு கொடுத்துப் பெருகுவது. ஒரு சேனையை நான்காக வெட்டினால் நான்கு வீடு.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. நெல்லின் பழைய வகைகளைத் தேடிச் சேகரிக்கும் ஆர்வம் நம்மிடையே நன்றாக வளர்ந்துவிட்டது. விதைத் திருவிழாக்கள் நடக்கின்றன. நெல்மணியை உலர்த்திக் குளிரில் வைத்தால் பல ஆண்டுகள் காத்திருக்கும். கிழங்கு காத்திருக்காது. ஒரு வகை வள்ளி இன்று நம்மிடம் இருக்கிறதென்றால், ஆண்டுதோறும் எவரோ ஒருவர் அதன் துண்டை இடைவிடாமல் மண்ணில் வைத்திருக்கிறார் என்று பொருள். விதையிலிருந்து புதிதாகப் பிறந்ததன்று; அதே செடி, தலைமுறைகளாக உடம்பு மாறாமல் தொடர்ந்து வருவது. இரண்டு ஆண்டு எவரும் நடவில்லை என்றால் சங்கிலி அறுந்துவிடும். 1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் பல வகைகளை வயலிலேயே நட்டுக் காத்து வருகிறார்கள். கோவையின் வேளாண் பல்கலைக்கழகமும் மரவள்ளியிலும் சர்க்கரைவள்ளியிலும் சிறுகிழங்கிலும் வகைகளை வெளியிட்டிருக்கிறது. ஆயினும் ஒரு வகை எந்த ஊரில் எந்தப் பெயரால் வழங்கியது, எப்படிச் சமைக்கப்பட்டது என்பதை ஆராய்ச்சி வயல் காப்பாற்றாது.

2000இல் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டபோது, வழக்கொழியும் சொற்களுக்கு ஓர் இருப்பிடம் கிடைத்தது என்று நாமெல்லாம் மகிழ்ந்தோம். சொல்லைத் தாளில் வைத்துக் காக்கலாம். கிழங்கை மண்ணில் வைத்துத்தான் காக்க முடியும்.

எனவே எங்கள் வேண்டுகோள் மிகச் சிறியது. இந்த மாசியில் ஒரு கிழங்கைத் தேர்ந்தெடுங்கள். சேனையோ வள்ளியோ, எது கிடைக்கிறதோ அது. உக்கடம் சந்தையில் வாங்கிய துண்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதை வளர்த்தவரிடமோ விற்றவரிடமோ அதன் பெயரையும் சமைக்கும் முறையையும் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த தையில் தோண்டும்போது மூன்றில் ஒரு பங்கைத் தின்னுங்கள், ஒரு பங்கைத் திரும்ப நடுங்கள், ஒரு பங்கை அந்தக் குறிப்போடு சேர்த்து அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.